செசிலி அக்கா தூக்கம் விழுந்த கேக்கு

நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யின்னா நாளைக்கு நான் தூக்குற மொத சிலிண்டரு என் கால் பெருவெரல் மேலயே விழட்டும், எங்க சுடலைமாடசாமி மேல சத்தியம், பத்தாதுன்னா மாதா மேலயும் சத்தியம், அதுவும் பத்தாதுன்னா இந்த டீக்கடை அண்ணாச்சி பால்ல தண்ணியே சேக்குறதில்லன்னு ஒரு சத்தியம் பண்ணுவாவல்லா, அது மேல மட்டும் பண்ண மாட்டேன், மத்த எல்லாத்து மேலயும் சத்தியம். மூணாங்கிளாஸ்ல பாதியில ஓடி வந்த பய நீ, உனக்கு என்னடே கதை தெரியும்னு கேப்பிய. படிச்சவனுக்குத்தான்யா பொய்யைக் கோடு போட்டு எழுத வரும். நான் கண்டதைத்தான் சொல்லத் தெரிஞ்சவன். உக்காருங்க.

தூத்துக்குடியில தெக்க, உப்பளத்துக்குப் போற ரோட்டுல, சவேரியார் காம்பவுண்டுன்னு ஒண்ணு உண்டு. ஒரு இரும்பு கேட்டு, உள்ள ஒம்போது வீடு, நடுவுல ஒரு தண்ணிக் கொழாய், ஒரு துணிக்கொடி. ஒம்போது வீட்டுக்கும் சிலிண்டரு போடுறவன் நான். வக்கீலுக்கும் டாக்டருக்கும் தெரியாததெல்லாம் சிலிண்டரு போடுறவனுக்குத் தெரியும், ஏன்னா அவம் மட்டுந்தான் நேரா அடுப்படிக்குப் போறவன். அதுல நாலாவது வீடு செசிலி அக்கா வீடு.

அந்த அக்காவைப் பத்திச் சொல்லணும்னா கொஞ்சம் மூச்சு பிடிச்சுக்கிடணும். விடியக்காலம் கொழாயில தண்ணி வருமுன்ன எந்திரிச்சு, கொடம் வச்சு எடம் பிடிச்சு, படுக்கையில கெடக்குற மாமனாரைப் பொரட்டிப் போட்டு, தொடச்சு, விரிப்பு மாத்தி, கிரேன் ஓட்டப் போற புருசன் லூர்துராசு அண்ணனுக்குச் சோறு கட்டி, பத்தாப்பு படிக்கிற மக மெர்லினுக்குத் தல பின்னி, பஸ்சேறி இறால் கம்பெனிக்குப் போயி, ஐஸுத் தண்ணியில கையை விட்டு நின்னமேனிக்கு இறால் உரிச்சு, மத்தியானம் திரும்பி வந்து, மறுபடி மாமனாரைப் பொரட்டி, தையல் மிசின்ல உக்காந்து அடுத்த வீட்டு ரவிக்கைக்கு ஊக்கு வச்சு, சாயந்தரம் மீன் கழுவி, கொழம்பு வச்சு, எல்லாரும் தின்னு முடிச்ச பொறவு சட்டியை வழிச்சு ரெண்டு வாய் போட்டுக்கிட்டு, தலைய சாய்க்கப் போறப்ப மாமனாரு ஒரு தடவ இருமுவாரு, அப்புறம் இன்னொரு தடவ இருமுவாரு, அதோட அன்னைக்குத் தூக்கம் முடிஞ்சு போவும். இப்படிப் பதினாலு வருசம். அந்த அக்கா கண்ணுக்குக் கீழ ஒரு கறுப்பு உண்டு. மை இட்டுருக்கான்னு நான் ரொம்ப நாளா நெனச்சேன்.

ஒரு செவ்வாக்கிழமை மெர்லினுக்குப் பிறந்தநாளு. "யம்மா, எல்லாரும் சாதா கேக்குதான் வெட்டுதாவ, எனக்கு பழமும் பருப்பும் போட்ட சீஸ்கேக்கு வேணும், வீட்டுலயே செய்யலாமாம், போன்ல காட்டுதாவ"ன்னு அது போனவாரமே ஆரம்பிச்சிருச்சு. செசிலி அக்கா அந்த வீடியோவை மிசின் மிதிச்சுக்கிட்டே ஒம்போது தடவ பாத்துச்சு. பாத்துட்டு, அண்ணனோட பழைய வெள்ளை வேட்டியைக் கிழிச்சு அதுல தயிரைக் கட்டி, ஜன்னல் கம்பியில தொங்கவிட்டுத் தண்ணிய வடிச்சுச்சு. மாரி பிஸ்கட்டைப் பூரிக்கட்டையால நுணுக்கி, வெண்ணெயை உருக்கி ஊத்திப் பெசஞ்சு, டின்னுக்குள்ள தட்டி அமுக்குச்சு. முந்திரி, பாதாம், பிஸ்தா, காஞ்ச திராட்சை, அத்திப்பழம், எல்லாத்தையும் கம்பெனிக்குப் போற வழியில கொஞ்சம் கொஞ்சமா வாங்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்துச்சு, மாமனாருக்கு முந்திரி வாசம் ரொம்பத் தூரத்துல இருந்தே தெரியும். ஓவனெல்லாம் ஏது. குக்கருக்குள்ள ரெண்டு கிலோ கல்லுப்பைக் கொட்டி, வாஷரையும் விசிலையும் கழட்டி எறிஞ்சுட்டு, அந்த உப்பைச் சூடு பண்ணி அது மேல டின்னை வைக்கணும். நம்ம ஊருல உப்புக்கா பஞ்சம்.

உப்பு சூடேறுற நேரமாப் பாத்து கேஸு தீந்துபோச்சு. அப்படித்தான் நான் அங்க போனேன்.

நான் போறப்ப அக்கா தரையில சட்டியை வச்சுக்கிட்டு, வடிச்ச தயிரு, உதுத்த பன்னீருக் கட்டி, டப்பாப் பாலு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கரண்டியால ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கட்டி தட்டக்கூடாதாம், நிப்பாட்டாமக் கிண்டணுமாம். பாதி கண்ணு மூடியிருந்துச்சு, கை மட்டும் தானா சுத்துது. நான் பழைய சிலிண்டரைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டி, ரெகுலேட்டரைத் திருப்பிக்கிட்டு இருக்கேன், அக்கா ஒரு கொட்டாவி விட்டுச்சு பாருங்க. நானும் எத்தனையோ கொட்டாவி பாத்திருக்கேன், எங்க ஏஜென்சி மேனேஜரு நான் சம்பளம் கேக்குறப்ப விடுற கொட்டாவியெல்லாம் பாத்திருக்கேன். இது அந்தமாதிரி இல்ல. பதினாலு வருசமாக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தது வெளிய வந்தமாதிரி வந்துச்சு. வாய் தொறந்து, கண்ணு சொருகி, அந்தக் கண்ணுல இருந்து பால் ஆடை மாதிரி ஒண்ணு, சாம்பக் கலருல, உரிஞ்சு, மூக்கு ஓரமா வழுக்கி, தொபுக்குன்னு சட்டிக்குள்ள விழுந்துச்சு.

"யக்கா, என்னமோ விழுந்துச்சே."

"என்னதுடே?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எட்டிப் பாத்து எடுன்னு சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "உன் தூக்கமா இருக்கும், நீதான் அதை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ணலியே, முந்திரியோட சேத்துக் கிண்டு"ன்னேன். அக்கா சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே ரெண்டு சுத்து சுத்துச்சு. அது கலந்துபோச்சு. நான் சீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டேன்.

ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு மூடியைத் தொறந்தா கேக்கு தூங்கிக்கிட்டு இருக்கு.

மெர்லின்தான் மொத பாத்தது. "யம்மா, இது மூச்சு விடுது." நடுவுல லேசா ஏறுது, லேசா எறங்குது, ஏறுறப்ப ஒரு முந்திரி மேல வருது, எறங்குறப்ப உள்ள போவுது. தீப்பெட்டிக்குள்ள குளவியை அடைச்சமாதிரி மெல்லமா ஒரு கொறட்டை. எதுத்த வீட்டு பவுலின் மைனி, ரேசன் கடையில கியூவுல நிக்கிறவங்களையே அதட்டுற பொம்பளை, அது வந்து குனிஞ்சு காதை வச்சுக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "அசந்து தூங்குது பாவம். முழிச்சிராமப் பாத்துக்கிடுங்க"ன்னு ரகசியமாச் சொல்லிட்டு, போறப்ப செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போச்சு.

மெர்லினு அதை வெட்ட மாட்டேன்னுருச்சு. "தூங்குறது மேல கத்தி வைக்கச் சொல்லுதியளா, நான் என்ன கொலைகாரியா?" கடைசியில கடையில இருந்து ஒரு தேங்கா பன்னு வாங்கிட்டு வந்து அதுல மெழுகுவத்தி குத்தி ஊதுனாவ. மெதுவாத்தான் பாடுனாவ, கேக்கு முழிச்சிரக் கூடாதுல்லா.

மறுநாளு காம்பவுண்டே மாறிப்போச்சுங்க. சீஸ்கேக்கைக் குளுர்ல வைக்கணும், ஃபிரிட்ஜுல வச்சா அது நடுங்குதுன்னு மூணாவது வீட்டுக்காரி ஒரு பிள்ளைத் துண்டு கொண்டாந்து போத்துனா. ஏழாவது வீட்டுக்காரரு தன் பைக்கைக் கேட்டு வரைக்கும் உருட்டிக்கிட்டே போயி ரோட்டுல வச்சு ஸ்டாட் பண்ணுனாரு. காலைல பத்துல இருந்து சாயந்தரம் நாலு வரைக்கும் எந்த வீட்டுலயும் குக்கரு விசிலு அடிக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணுனாவ. கொழாயடியில கொடத்தை நங்குன்னு வைக்கிறவ இப்ப சேலைத் தலைப்பை விரிச்சு அது மேல வைக்கா. மீன்காரி கேட்டுக்குள்ள வந்து வாயைத் தொறக்காம, ரெண்டு கையையும் விரிச்சு சாளை எம்புட்டு நீளம்னு காட்டிக்கிட்டே போறா. சர்ச்சுச் சாமியாரு வந்து எட்டிப் பாத்துட்டு, ஜெபத்தை வாய்க்குள்ளயே சொல்லிட்டுப் போனாரு. பதினாலு வருசத்துல செசிலி அக்கா கண்ணசர்றதுக்காக அந்தக் காம்பவுண்டுல ஒருத்தன் ரேடியோவைக் கொறச்சதில்ல. ஒரு கேக்குக்காகக் கொறச்சான். நான் குத்தம் சொல்லலை, நானும் அன்னைக்கு என் வண்டிச் சிலிண்டருக்கெல்லாம் சாக்கு சுத்திக்கிட்டுத்தான் போனேன்.

இந்தக் கூத்துல யாரும் அந்த அக்காவைப் பாக்கலை. வியாழக்கெழமை பவுலின் மைனிதான் பாத்துட்டு, "ஏட்டி, நீ தூங்கி எத்தனை நாளாச்சு"ன்னு கேட்டுச்சு.

"செவ்வாக்கிழமை கேக்கு கிண்டுனதுல இருந்து இல்ல மைனி."

"வேலைன்னாலும் ஒரு கோழித் தூக்கம் போடுவியே."

"அதுவும் வரல. முன்ன தூக்கம் இருந்துச்சு, தூங்க நேரமில்ல. இப்ப மிசினை மூடி வச்சிட்டு நேரம் ஒதுக்கிப் படுத்தும் பாத்துட்டேன், தூக்கம் இல்ல."

"கண்ணை மூடிக்கிட்டே கெடட்டி, வரும்"னாரு லூர்துராசு அண்ணன்.

"மூடித்தான் பாத்தேன். உள்ள வெளிச்சமா இருக்கு."

அது அழலை, கத்தலை, சும்மா சொல்லுச்சு, கடையில சீனி இல்லன்னு சொல்லுற மாதிரி. சொல்லிட்டு மாமனாரைப் பொரட்டப் போயிருச்சு. ஆனா கம்பெனியில இறால் உரிக்கிற கத்தி வழுக்கி ரெண்டு வெரல்ல துணி சுத்தியிருந்துச்சு. நடக்குறப்ப சொவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்குது. டாக்டரு மாத்திரை குடுத்தாரு, மாத்திரை அந்தக் கண்ணுக்குள்ள எறங்க எடம் தேடிட்டுத் திரும்பி வந்துருச்சு.

லூர்துராசு அண்ணன் போயி ஒரு பேக்கரியில இருந்து வேலாயுதம் மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தாவ. முப்பது வருசம் அடுப்பு வாசல்ல நின்ன மனுசன், புருவத்துல முடியே கெடையாது. அவரு ஃபிரிட்ஜைத் தொறந்து, துண்டை வெலக்கி, கேக்கு மேல புறங்கையை வச்சுப் பாத்தாரு, காய்ச்சல் பாக்குற மாதிரி. அப்புறம் கேட்டாரு, "கிண்டுறப்ப யாரு கொட்டாவி விட்டது?"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காவ. நான் அப்ப ஏழாவது வீட்டுக்கு சிலிண்டரு போட வந்தவன், வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தேன். ஓடிரலாமான்னு இருந்துச்சு. "அக்காதான் விட்டுச்சு. நான்தான் சேத்துக் கிண்டச் சொன்னேன்"ன்னேன். பவுலின் மைனி என்னையப் பாத்த பார்வை இருக்கே, அந்தச் சூட்டுல நாலு கேக்கு வேவும்.

மாஸ்டரு ஏசலை. "இது நடக்குறதுதான். நம்ம தொழில்ல ரொட்டிக்குள்ள விழும். விழுந்த தூக்கத்தைத் திருப்பி ஒட்ட முடியாது, தின்னாத்தான் ஒடம்புக்குள்ள போவும். யாருக்கு விழுந்துச்சோ அவதான் திங்கணும்"னாரு. "ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. இது தயிரும் பன்னீரும். சனிக்கெழம பொழுது சாயுற வரைக்குந்தான் தாங்கும். அதுக்கு மேல புளிச்சிரும். புளிச்சதுக்கு அப்புறம் தின்னு பிரயோசனமில்ல, தாயி. அவ்வளவுதான், காலத்துக்கும் முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

வெள்ளிக்கெழம அக்கா கம்பெனிக்கு லீவு சொல்லிச்சு. அண்ணனும் போகலை. அக்கா திங்கிறதைப் பாக்கணும்னு காம்பவுண்டே கூடிருச்சு. ஒரு வாய்கூட மிஞ்சாம தின்ன வைக்கணும்னு காவலுக்கு வந்தவங்கதான் அம்புட்டுப் பேரும், அவங்க மனசுல கள்ளம் இல்ல. நான் அன்னைக்கு அங்க இல்ல, மெர்லின் பின்னால சொன்னதைத்தான் சொல்லுதேன். அக்கா ஸ்டூல்ல உக்காந்து, கேக்கை மடியில வச்சு, கரண்டியை எடுத்து, நிமிந்து பாத்துச்சாம். சுத்தி ஒம்போது வீட்டு சனமும் நிக்கி.

"சாப்பிட்டியளா?"

"எங்களை விடுட்டி, நீ தின்னு"ன்னு பவுலின் மைனி.

"வீட்டுக்கு வந்தவங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்க, நான் மட்டும் எப்படித் திங்க? எனக்கு எறங்காது மைனி. ஒரே ஒரு துண்டு எடுத்துக்கோங்க."

"அது உன் தூக்கம்லாட்டி."

"இம்புட்டு பெரிய கேக்குல ஒரு துண்டுல என்ன கொறஞ்சிரப் போவுது. நீட்டுனதைத் தட்டாதிய."

நம்ம பக்கத்துல வீட்டுப் பொம்பளை தட்டை நீட்டி, அதைத் தட்டிட்டுப் போனா அது அடிச்சதை விட மோசம்லா. பவுலின் மைனி வாங்கிருச்சு. ஒண்ணு வாங்கியாச்சு, ரெண்டாவது வீட்டுக்காரிக்கு இல்லன்னா மனசு கோணும், அவளுக்கு ஒண்ணு. மூணாவது வீட்டுல பிள்ளை இருக்கு, பிள்ளைக்கு இல்லன்னு சொல்ல முடியுமா, அங்க ஒண்ணு. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு துண்டுதானேன்னு நெனச்சாவ. எட்டு வீட்டுக்கு எட்டுத் துண்டு, வீட்டுக்குள்ள ஆளுக்கு ஒரு விள்ளல். லூர்துராசு அண்ணனுக்கு ஒண்ணு, மெர்லினுக்கு பிறந்தநாளுக்குத் திங்கலையேன்னு ஒண்ணு. மாமனாருக்கு சுகரு, குடுக்கக் கூடாது. "சுகரு கெடக்கட்டும் தாயி, நீ ஒண்ணு குடு"ன்னு அவரு படுக்கையில இருந்தே கையை நீட்டிட்டாரு. பன்னெண்டு துண்டுல பதினொண்ணு போச்சு. மிஞ்சுன ஒண்ணை அக்கா டப்பாவுக்குள்ள வச்சு மூடிருச்சு, யாராவது வந்தா குடுக்கணும்லா. அந்த யாராவது தானா இருக்கலாம்னு அதுக்குத் தோணவே இல்லை. பதினாலு வருசமா கடைசியில சட்டியை வழிச்சவளுக்கு எப்படித் தோணும்.

பவுலின் மைனி தன் வாசப்படி ஏறுறதுக்குள்ள அப்படியே உக்காந்து சாஞ்சுருச்சு.

நான் சனிக்கெழம மத்தியானம் ரெண்டாவது வீட்டுக்கு சிலிண்டரு கொண்டு போனேன். கேட்டைத் தொறந்தா சத்தமே இல்லை. ஏழாவது வீட்டுக்காரரு பைக்கு மேல கவுந்து கெடக்காரு. வாசலுக்கு வாசல், முத்தத்துல, கொழாயடியில, போட்டது போட்டபடி சனம் தூங்குது, மூணாவது வீட்டுப் பிள்ளை கோழிக்கூடு பக்கத்துல. யாரோ ஒவ்வொருத்தர் தலைக்கும் ஒரு தலையாணி வச்சு, வெயிலு படுற எடத்துல சேலையைப் பந்தலாக் கட்டி விட்டுருக்கு. கொடியில ஒம்போது வீட்டுத் துணியும் தொவச்சுக் காயுது. கொழாயடியில ஒம்போது வீட்டுக் கொடமும் நெறஞ்சிருக்கு. அந்த ஒம்போது வீட்டுக்கும் நடுவுல செசிலி அக்கா ஒருத்தி மட்டும் நடந்துக்கிட்டு இருக்கு. ஒரு வீட்டுல பாலை எறக்குது, இன்னொரு வீட்டுல மோட்டாரை அமத்துது, கோழிக்குத் தீனி போடுது, மாமனாரைப் பொரட்டுது, வந்து பிள்ளை மேல ஈ ஓட்டுது.

"யக்கா, கேக்கைத் தின்னியா?"

"குடுத்துட்டேன்டே."

"யாருக்கு?"

அது கையை மட்டும் சுத்திக் காட்டுச்சு. நான் தோள்ல இருந்த சிலிண்டரைக் கீழ எறக்கி வச்சேன். "ஒண்ணுமே மிஞ்சலியா?"

"ஒரு துண்டு இருக்கு. நல்லவேள வந்த. நீ அன்னைக்கு சிலிண்டரு மாட்டலைன்னா கேக்கே கெடையாதுல்லா. இரு, எடுத்துட்டு வாரேன்."

எடுத்துட்டு வந்து தட்டுல வச்சு நீட்டிருச்சு. அது தட்டுல கெடந்து மெல்லமா மூச்சு விடுது. மேல ஒரு அத்திப்பழம், ரெண்டு முந்திரி.

இப்ப நான் உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எனக்கு அதைத் திங்கணும்னு இருந்துச்சு. நானும் மனுசன்தானே, விடியக்காலம் நாலு மணிக்கு லோடு எறக்கப் போறவன், மாடிப்படி ஏறி ஏறி இடுப்பு எலும்பு எது, படிக்கட்டு எதுன்னு தெரியாமப் போனவன். அந்த வாசம், பாலும் தூக்கமும் கலந்த வாசம், மூக்குல ஏறுனதும் கண்ணு தானா சொருகுது. வேண்டாம்னு சொன்னா அந்த அக்கா விடாது, இன்னும் யாராவது வருவாவன்னு திருப்பி டப்பாவுல வச்சு மூடிரும், பொழுது சாஞ்சிரும். நீயே தின்னுன்னு சொன்னா, காம்பவுண்டே சொல்லிக் கேக்காதது நான் சொல்லியா கேக்கப் போவுது. அதை ஏச முடியாது, கெஞ்ச முடியாது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழியிலதான் அதைத் திங்க வைக்கணும்.

தட்டை வாங்கி ஒரு விள்ளலு எடுத்து வாய்கிட்ட கொண்டு போனேன். ஒதட்டுல தொடலை. தொட்டமாதிரி மொகத்தைச் சுளிச்சேன்.

"யக்கா, தப்பா நெனைக்காத. உப்பு கூடிப்போச்சு."

அக்கா நின்னுருச்சு. "இதுல எங்கடே உப்பு? உப்பு குக்கருக்கு அடியிலல்லா. டின்னுக்குள்ள ஒரு கல்லு கெடையாது."

"உள்ள எறங்கிருச்சோ என்னமோ. இந்தா, நீயே பாரு."

சமைக்கிற பொம்பளை எல்லாருக்கும் முன்னால ஒரு வாய் எடுத்துப் போடுறதுன்னா உப்பு பாக்க மட்டுந்தான். அதுக்கு மட்டும் அவளுக்குக் கூச்சம் கெடையாது. ஓரத்துல கிள்ளி நாக்குல வச்சுச்சு. "இல்லையே."

"அந்த ஓரம் இல்லக்கா, நடுவுல."

நடுவுல எடுத்துச்சு. மென்னுச்சு. "ஏல, உனக்கு நாக்கு செத்துப்போச்சா?"

"அப்ப முந்திரிதான் காறுது."

"என் முந்திரியா காறுது? முழு முந்திரி, நானே பொறுக்கி எடுத்தது." ரெண்டையும் ஒண்ணா எடுத்து வாயில போட்டுக் கடிச்சுக் காட்டுச்சு. "காறுதா, காறுதா?"

"அத்திப்பழத்துல மண்ணு நரநரங்குது."

"கழுவிப் போட்டேன்டே, ரெண்டு தண்ணி." அதையும் தின்னுச்சு.

"அடி பிஸ்கட்டு நமுத்துப்போச்சு, இதை எப்படிக்கா நீ நாலு பேருக்கு நீட்டுன?"

அவ்வளவுதான், அக்காவுக்கு மொகம் செவந்துபோச்சு. "பதினோரு துண்டு தின்னவங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை, நீ வந்துட்ட பெரிய கலெக்டரு வீட்டுச் சமையக்காரன்"னு என் கையில இருந்த தட்டைப் பிடுங்கி, அடியில இருந்த பிஸ்கட்டைப் பூரா வழிச்சு, என் வெரல்ல ஒட்டியிருந்த விள்ளலையும் தட்டுல தட்டச் சொல்லி, எல்லாத்தையும் வாயில போட்டு, என் கண்ணுக்கு நேரா மென்னு முழுங்குச்சு. நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல வாயைத் தொறந்துச்சு. அப்புறம் தட்டைப் பாத்துச்சு.

"ஏல கொம்பையா, நீ ஒரு வாய்கூடத் திங்கலியேடே."

"எப்படிக்கா திங்க, உப்புல்லா."

அது என்னையப் பாத்துச்சு.  என்னமோ சொல்ல வந்துச்சு, அதுக்குப் பதிலா கொட்டாவி வந்துச்சு. முத்தத்துல நின்ன எடத்துலயே உக்காந்து, "பவுலின் மைனி வீட்டு அடுப்புல பருப்பு..."ன்னு ஆரம்பிச்சு, பாதியில சாஞ்சுருச்சு. எல்லார் தலைக்கும் தலையாணி வச்சுருந்ததுல அதுக்கு ஒண்ணு மிஞ்சலை. என் சிலிண்டருல சுத்தியிருந்த சாக்கை அவுத்து மடிச்சு வச்சேன். போயி பருப்பை எறக்குனேன். அடி பிடிச்சிருச்சு, அதுக்கு நான் பொறுப்பில்ல.

பொழுது சாயுறப்ப ஒவ்வொருத்தரா எந்திரிச்சாவ. ஒருநாளு முழுக்கத் தூங்குனவங்க மொகம் எப்படி இருக்கணும்? இவங்க கெணறு வெட்டிட்டு வந்தமாதிரி எந்திரிக்காவ. பவுலின் மைனி ரெண்டு கையையும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. "இறால் உரிச்சு உரிச்சு நகக்கண்ணெல்லாம் வலிக்கி. ஐஸுத் தண்ணி இன்னும் எலும்புக்குள்ள நிக்கி." மூணாவது வீட்டுக்காரி, கனா முழுக்க ஊக்கு வச்சிருக்கா, ஒரே ரவிக்கைக்குத் தீராத ஊக்கு. மெர்லினு, "என்னைய நானே யம்மா யம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் நானே எந்திரிச்சுப் போனேன்"னு சொல்லி அழுதுச்சு. மாமனாரு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு, "நானே என்னையத் தூக்கிப் பொரட்டுனேன்டே. என்ன கனம் கனக்கேன்"னாரு. அதுக்கப்புறம் அன்னைக்கு அவரு இருமுறதுக்குக் கூட யோசிச்சாரு.

லூர்துராசு அண்ணன் படியில குத்தவச்சு உக்காந்திருந்தாவ. "என்னண்ணே"ன்னேன். "என் கொறட்டையை நானே பக்கத்துல படுத்துக் கேட்டேன்டே"ன்னாவ. 

பவுலின் மைனி முத்தத்துல கெடந்த அக்காவைப் பாத்துச்சு. பக்கத்துல போயி குனிஞ்சு, ரேசன் கடைக் கொரலெல்லாம் எங்க போச்சோ, "உன் தூக்கத்துக்குள்ளயும் உக்கார ஒரு எடம் இல்லையேட்டி"ன்னுச்சு.

நாலு நாளு தூங்குச்சு செசிலி அக்கா. தூக்கிக் கட்டில்ல போட்டாவ. கொடம் பிடிக்க ஒருத்தி, மாமனாரைப் பொரட்ட அண்ணன், பருப்புக்கு மெர்லினு. நல்ல மனசுன்னு நெனச்சுராதிய, அந்தக் கைவலி போகலை, அதான். வேலையை எடுத்தவங்க ஒருத்தரு மொகத்துலயும் சிரிப்பு இல்லை, மொனங்கிக்கிட்டேதான் செஞ்சாவ. ஆனா செஞ்சாவ. கம்பெனிக்கு பவுலின் மைனியே போயி, அவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி, நிக்கிறப்பவே பத்து இறாலு உரிச்சுப் போட்டுட்டு வந்துச்சு, கை தானாப் போச்சாம்.

புதன்கெழம பதினோரு மணி வாக்குல அக்கா எந்திரிச்சு உக்காந்துச்சு. கண்ணுக்குக் கீழ கறுப்பைக் காணோம். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது அது மை இல்லன்னு. பவுலின் மைனி பயந்து பயந்து கேட்டுச்சு, "என்னட்டி கனா வந்துச்சு, இறாலா, தையலா?"

அக்கா தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டுச்சு. "ஒண்ணும் வரலையே மைனி. இருட்டா இருந்துச்சு. அங்க ஒருத்தரும் இல்ல. நல்லா இருந்துச்சு."

வேலையெல்லாம் அந்தப் பதினோரு துண்டோட போயிருச்சு, பாத்துக்கிடுங்க. அக்காவுக்குன்னு கெடந்த துண்டுல வெறும் தூக்கம் மட்டுந்தான் இருந்திருக்கு.

அதுக்கப்புறம் எல்லாரும் தேவதூதரா மாறிட்டாவன்னு சொன்னா அது பொய்யாயிரும். மறுவாரம் அக்கா பழையபடி பஸ்சேறி கம்பெனிக்குப் போச்சு. அண்ணன் எட்டுக்கு மூணு தடவ அப்பாவைப் பொரட்டுதாவ, மிச்சம் அஞ்சு அக்காதான். ஏழாவது வீட்டு பைக்கு மறுபடி உள்ளயே ஸ்டாட் ஆவுது. ஆனா மத்தியானம் ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் அந்தக் காம்பவுண்டுல இப்பவும் குக்கரு விசிலு அடிக்காது. நாலாவது வீட்டு ஜன்னலைச் சாத்தி வச்சிருப்பாவ. வெளிய பவுலின் மைனி ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கும், சீட்டுல கையெழுத்து வேணும்னு நான் போனாக்கூட, "மூணு மணிக்கு வாடே"ன்னு வெரலை ஒதட்டுல வச்சு வெரட்டிரும்.

கதை முடிஞ்சுது. யாரும் நழுவாதிய, கூலியைக் குடுத்துட்டுப் போங்க. காசு வேண்டாம், டீயும் வேண்டாம், அண்ணாச்சி டீயைப் பத்தி மொதல்லயே சொல்லிட்டேன். அந்தக் கேக்குல ஒரு வாய்கூடத் திங்காத ஒரே ஆளு நான்தானே, நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டியளா? வெளிய வண்டியில ஆறு சிலிண்டரு நிக்கி. எதுத்த பில்டிங்கு, மூணாவது மாடி, லிஃப்டு கெடையாது. நீங்க சரியா ஆறு பேரு, நான் அப்பவே எண்ணிட்டேன். ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிட்டுப் போயி மாட்டி, சீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நான் இந்தப் பெஞ்சுல இப்படிச் சாஞ்சுக்கிடுதேன். திரும்பி வாறப்ப மெல்லமா வாங்கப்பா, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு.